கடல்மேல் கிடந்த மைதானம்

மாவட்டக் கால்பந்துச் சங்கம் பொன்விழா மலர் போடுகிறதாம். ஒவ்வொரு கிளப்பும் தன் வரலாற்றை ஒரு பக்கத்துக்கு மிகாமல், நல்ல தமிழில், யார் மனமும் புண்படாமல் எழுதி அனுப்ப வேண்டுமாம். நல்ல தமிழ் என்னால் முடியும், பள்ளிக்கூடத்தில் எனக்கு அது ஒன்றுதான் வந்தது. மற்ற இரண்டும் முடியாது. ராயப்பன்துறைக் கிளப்பின் வரலாறு ஒரு பக்கத்தில் அடங்காது, அதைப் படித்து யார் மனமும் புண்படவில்லை என்றால் நான் ஒழுங்காக எழுதவில்லை என்று அர்த்தம். கிளப்பின் செயலாளர் என்ற முறையிலும், இடது பின்காப்பில் நின்று நின்றே முட்டி தேய்ந்தவன் என்ற முறையிலும், தனிஸ்லாஸ் ஆகிய நான் எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

எங்கள் அப்பாமார் காலத்தில், இத்தாலியிலிருந்து வந்து எங்கள் கோயிலில் பூசை வைத்துக்கொண்டிருந்த ஒரு சாமியார், உப்புக்காற்று ஒத்துக்கொள்ளாமல் ஊருக்குத் திரும்பியபோது, பூசைப் பாத்திரங்களைப் பின்னால் வருகிற சாமியாருக்கும் தன்னுடைய தோல்பந்தை எங்களுக்கும் விட்டுவிட்டுப் போனார். பந்து வந்த பிறகு பனியன் வேண்டியிருந்தது. அன்றைக்கெல்லாம் பருத்தி வலை, அதைப் புளியங்கொட்டைத் தோல் போட்ட சாயத்தில் அவிப்பார்கள், அந்த அண்டாவிலேயே பதினோரு பனியனையும் போட்டு அவித்தார்கள், அதனால் எங்கள் நிறம் இன்றைக்கும் வலைச்சாயத்தின் தவிட்டு நிறம். கோல்கம்பம் உடைந்த கட்டுமரத்தின் தடி, கோல்வலை கிழிந்த கரமடி வலையின் மிச்சம். கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே, பத்துப் பதினைந்து கரமடியை ஒரே நேரத்தில் காயப்போடும் அளவுக்கு அகலமான மணல்வெளி கிடந்தது. அதுதான் மைதானம். எங்களிடம் தோற்றுப் போகாத ஊர் இந்தக் கரையில் இல்லை, தோற்றுப்போனவர்களுக்கு நாங்கள் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் போடாமல் அனுப்பியதும் இல்லை. வந்த அணியை விளையாட விடாமலும் சாப்பிட வைக்காமலும் திருப்பி அனுப்புவது எங்கள் ஊரில் பெற்ற தாயைப் பட்டினி போடுவதற்குச் சமம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஆனி மாதம் எங்கள் கோயில் புனிதர் ராயப்பரின் திருவிழாவில் நடக்கிற போட்டிக்கு யார் சிறப்பு விருந்தினராக வந்தாலும், அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, மைதானத்தின் நடுவரைக்கும் வெறுங்காலோடு நடந்துவந்து, முதல் பந்தை உதைத்துவிட்டு, அங்கேயே நின்றுதான் நாலு வார்த்தை பேச வேண்டும். ஆயரும் அப்படித்தான் பேசினார், எம்.எல்.ஏ.வும் அப்படித்தான் பேசினார், ஒருமுறை நாகர்கோவிலில் கூடாரம் போட்டிருந்த சர்க்கஸ் முதலாளியும் அப்படித்தான் பேசினார். இந்த மண்ணை மிதிக்காதவன் இந்த மண்ணைப் பற்றிப் பேசக்கூடாது என்பது அதன் பொருள். இந்த வழக்கத்தை நாங்கள் கைவிட்டோம், அதற்கான கூலியும் வாங்கினோம், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சுவர். எங்களுக்கு மேற்கே துறைமுகம் கட்டுகிறோம் என்று வந்தார்கள். மலையை உடைத்துக் கருங்கல்லைக் கடலுக்குள் கொட்டிக் கொட்டி ஒரு நீளச் சுவர் எழுப்பினார்கள். எங்கள் ஊரில் பல் முளைக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும், கடலை ஓரிடத்தில் மறித்தால் அது அடுத்த இடத்தில் கை வைக்கும் என்று. எங்கள் பக்கமும் ஒரு தூண்டில் வளைவு போடுங்கள், கடலுக்குள் வளைந்து நீளும் கல்வரிசை ஒன்று போதும், அது மண்ணைப் பிடித்து நிறுத்தும் என்று நடையாய் நடந்தோம். பார்க்கலாம் என்றார்கள். பார்த்தது கடல்தான். ஒரு ஆனி மாதத்தில், திருவிழாக் கொடி ஏறிய அன்றைக்குத் தொடங்கி, கடல் மேற்கு மூலைக்கொடியைத் தின்றது, பிறகு கோல்கம்பத்தைத் தின்றது, பிறகு நடுவட்டத்தைத் தின்றது, போட்டி நாள் காலையில் பார்த்தால் கோயில் படிக்கட்டுக்கு முன்னால் கடல் இருந்தது, மைதானம் இல்லை.

அன்றைக்குக் குருசடித்துறை அணி வேனில் வந்து இறங்கிவிட்டது. தெக்கிலா அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தெக்கிலா அக்கா எங்கள் கிளப்பின் தலைவி. ஆண்கள் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து நாற்காலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த ஒரு வருடம், மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து அதில் உட்கார்ந்தவள்தான், பிறகு எழுந்திருக்கவே இல்லை, எழுப்பவும் யாருக்கும் தைரியம் வரவில்லை. கடற்கரையை ஒட்டிய இரண்டாவது வரிசையில் அவள் வீடு. அவள் மகன் கிளீட்டஸ்தான் கோல்கீப்பர்.

"வந்த ஆளுவள விளையாடாம திருப்பி அனுப்பினா நம்ம மானம் என்னத்துக்கு ஆவும்?" என்று கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "எலேய் கிளீட்டஸ், பந்த எடுத்துட்டுப் போய் நடுவில வை."

"நடு எங்கம்மா இருக்கு?"

"நேத்து இருந்த எடத்திலதான் இருக்கும். நீ போ."

கிளீட்டஸ் பந்தோடு போனான். உள்ளங்கால் நனைந்தது, அவ்வளவுதான், முழுகவில்லை. மைதானம் கிடந்த அளவுக்குத் தண்ணீர் பாய் விரித்ததுபோல் கிடந்தது, கோட்டுக்கு வெளியே அலை ஆள் உயரத்துக்கு எழும்பிக்கொண்டிருந்தது, உள்ளே எங்கள் கோல்கீப்பர் நடந்துபோய் நடுவில் பந்தை வைத்துவிட்டு, பந்து உருளாமல் இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். குருசடித்துறை கேப்டன் குனிந்து தண்ணீரைக் கையால் தட்டிப் பார்த்தான். பிறகு, "பெனால்டி கோடு எங்க வருதுன்னு மட்டும் சொல்லுங்க, பொறவு சண்ட வரப்பிடாது" என்றான். ரெஃப்ரி, கோல்கம்பத்துக்கு என்ன செய்வது என்று கேட்டார். பக்கத்துக்கு இரண்டாக நாலு கட்டுமரத்தை நங்கூரம் போட்டு நிறுத்தினோம். மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தோம்.

அதற்குப் பிறகு ஊரில் நடந்த பேச்செல்லாம் தண்ணீர் ஏன் தாங்கியது என்பதைப் பற்றியல்ல. த்ரோ எறிகிறவன் கோட்டுக்கு வெளியே நீந்திக்கொண்டே எறியலாமா, விளையாட்டு நடக்கும்போது காலுக்கடியில் சாளைக்கூட்டம் போனால் அது கிளப்புக்குச் சொந்தமா கடலுக்குச் சொந்தமா, கோல்கீப்பர் மீனைப் பார்த்துக்கொண்டு நின்று கோல் வாங்கினால் அதற்கு அபராதம் உண்டா, இவைதான் பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மீன் பிரச்சினையே ஓடி, ஆட்ட நேரத்தில் எவனும் வலை வீசக்கூடாது என்று முடிவாயிற்று. கஸ்பார் சாமியார் பிரசங்கத்தில், "ஆண்டவரப் பாத்துக் கடல்மேல நடந்த ராயப்பரே ரெண்டு எட்டு வச்சிட்டு முங்கினவரு, நம்ம பயலுவ தொண்ணூறு நிமிசம் நிக்கிறானுவ, அதுக்காக ராயப்பரவிடப் பெரிய ஆளுன்னு எவனும் நெனச்சிரப்பிடாது" என்றார். கால்பந்துச் சங்கமே, நீங்களும் ஆள் அனுப்பினீர்கள். மைதானம் சமதளமாகவும் கல் இல்லாமலும் இருக்க வேண்டும் என்பது உங்கள் விதி. தண்ணீரைவிடச் சமதளம் எது? கல் எங்கே? பார்த்துவிட்டுச் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனீர்கள். நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன்.

தண்ணீர் எல்லாரையும் தாங்கியது என்று நினைக்க வேண்டாம். பந்தை உதைக்க வந்தவனைத் தாங்கியது, எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் சரி. கடலைக்கூடையோடு விற்கப்போனவன் முழுகினான். அதே ஆள் கூடையைக் கரையில் வைத்துவிட்டு, எனக்கொரு பாஸ் போடுங்கடே என்று ஓடினபோது நின்றான். தேர்தல் நேரத்தில் ஒரு வேட்பாளர் படம் பிடிக்கிறவனோடு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையை மேலே தூக்கியபடி நாலு எட்டு போனார், கை மட்டும் மேலே நின்றது. அவருக்கும் நாங்கள் மாற்று வேட்டி கொடுத்து, கிழங்கும் மீனும் போட்டுத்தான் அனுப்பினோம். அதற்குப் பிறகுதான் விருந்தினரை நனைக்க வேண்டாமே என்று மரியாதை பார்த்தோம். கரையிலேயே ஒரு குத்து மணலைக் குவித்து, அதன்மேல் பந்தை வைத்து, இங்கிருந்தே உதையுங்கள் சார், இங்கிருந்தே பேசுங்கள் சார் என்று வழக்கத்தை மாற்றினோம். மரியாதை பார்த்தே கெட்ட ஊர் எங்கள் ஊர்.

அதைவிடப் பெரிய மடத்தனம் பெருமை. தூண்டில் வளைவு கேட்டு நாங்கள் அனுப்பிய மனுக்களைப் பார்க்கிற துறைமுக எஞ்சினீயர் கடைசியில் நேரில் வந்து கடலரிப்பைப் பார்வையிடச் சம்மதித்தபோது, நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? இடிந்த முதல் வரிசை வீடுகளைக் காட்டியிருக்க வேண்டும். நாங்களோ, திருவிழா அன்றைக்கு வாருங்கள் சார், எங்கள் விளையாட்டையும் பாருங்கள் என்றோம். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. அவர் வந்தார், கரையில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து இளநீர் குடித்தார், நாங்கள் கோல் போட்டபோது எழுந்து நின்று கைதட்டவும் செய்தார். ஆட்டம் முடிந்ததும் தெக்கிலா அக்கா போய், "சார், எப்பம் கல்லு போடுவிய?" என்று கேட்டாள்.

"எதுக்கும்மா கல்லு? மைதானம் நல்லாத்தானே இருக்கு. விளையாடிட்டுத்தானே இருக்கீங்க."

"சார், அது தண்ணி."

"தண்ணியா தரையாங்கிறது பிரச்சினை இல்லம்மா. பயன்பாட்டில இருக்கா இல்லையா, அதைத்தான் அரசாங்கம் பாக்கும். கால்பந்துச் சங்கமே சர்ட்டிபிகேட் குடுத்திருக்கே."

"அப்பம் முதல் வரிசையில இருந்த வீடுவ?"

"கடலுக்கு இவ்வளவு பக்கத்தில வீடு கட்டினா எப்படிம்மா?"

தெக்கிலா அக்காவின் முகம் கறுத்ததை நான் பார்த்தேன். "நாங்க கடலுக்குப் பக்கத்தில கெட்டல சார். கடலுதான் எங்களுக்குப் பக்கத்தில வந்திருக்கு" என்றாள். அவர் காரில் ஏறிவிட்டார். மைதானம் நல்ல நிலையில் பயன்பாட்டில் உள்ளது, கடலரிப்பு இல்லை, தூண்டில் வளைவு தேவை இல்லை என்று அறிக்கை எழுதிவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்களுக்கு அதைவிட மோசம், சாமி கொடுத்த வரத்தையே பூசாரி எங்களுக்கு எதிராகச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டான்.

ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து மனுசனைக் கடித்த கதையாகக் கடல் மேலே வந்துகொண்டிருந்தது. மைதானத்துக்குள் பூனைபோலப் படுத்திருக்கிற அதே கடல், இரண்டு பக்கமும் ஊரைக் கடித்துத் தின்றது. முதல் வரிசையில் மிச்சம் இருந்த வீடுகள் போயின. சிலுவை நட்டிருந்த பழைய குருசடி போயிற்று, சிலுவையை மட்டும் நாங்கள் இழுத்துக் கரையேற்றினோம். அடுத்த ஆனியில் தெக்கிலா அக்காவின் வீட்டுப் பின்சுவர் விரிந்தது. அவள் பானை சட்டியை எல்லாம் முன்னறைக்கு மாற்றிவிட்டு, பின்னறையின் கதவைத் திறந்தால் கடல் என்கிற நிலையில் அங்கேயே இருந்தாள். வா அக்கா, எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்று கூப்பிட்டோம். "நான் வெளிய எறங்கினா, ஆளே இல்லாத வீடுன்னு எழுதுவான்" என்றாள். எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

கிளப்பில் கூட்டம் போட்டோம். பாதிப்பேர் விளையாட்டை நிறுத்துவோம் என்றார்கள், நிறுத்தினால் வெறும் கடல்தான் தெரியும், அப்போது நம்புவார்கள் என்றார்கள். பயல்கள் கொதித்தார்கள், இதுவும் போய்விட்டால் நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது, அதனால் சத்தம் இன்னும் அதிகமாக இருந்தது. தெக்கிலா அக்கா மேசையைத் தட்டினாள்.

"நிறுத்தினா, நீங்களா விட்டுட்டுப் போனியன்னு எழுதுவான். விளையாடினா, நல்லாத்தான் இருக்குன்னு எழுதுவான். ரெண்டும் அவன் கையில. எலேய் தனிஸ்லாசு, இந்தத் திருவிழாவுக்கும் அந்த எஞ்சினீயரத்தான் சிறப்பு விருந்தினராக் கூப்பிடு. ஆனா பழைய வழக்கம். நடுவரைக்கும் நடந்து போவணும், உதைக்கணும், அங்கனயே நின்னு பேசணும்."

கிளீட்டஸ்தான் எல்லார் மனதிலும் இருந்ததைக் கேட்டான். "அம்மா, தண்ணி அவரையும் தாங்கிச்சின்னா?"

"தாங்கிச்சின்னா வீடும் போவட்டும், ஊரும் போவட்டும். மிதிக்காம பேசப்பிடாது, அவ்வளவுதான்."

எஞ்சினீயர் வந்தார். துறைமுகத்தின் பெயரில் ஒரு வெள்ளிக்கோப்பையும் கொண்டுவந்தார். கரையில் மணல் குவியல் இல்லை என்பதைப் பார்த்ததும் பந்து எங்கே என்று கேட்டார். பந்து நடுவில் இருந்தது, இரண்டு அணியும் அதைச் சுற்றி நின்றுகொண்டிருந்தன. தெக்கிலா அக்கா மைக்கைப் பிடித்து, சுற்றுவட்டத்து ஊர் எல்லாம் கேட்க, எங்கள் கிளப்பின் வழக்கத்தை எடுத்துச் சொல்லி, "மைதானம் நல்லா இருக்குன்னு எழுதின சார் அவிய. அவியளுக்கு நடக்க என்ன பயம்?" என்று முடித்தாள். சனம் கைதட்டியது. கைதட்டு நிற்கவே இல்லை. அந்த மனிதர் ஷூவைக் கழற்றினார், காலுறையைக் கழற்றினார், பேன்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு கால் வைத்தார்.

தண்ணீர் தாங்கியது.

அடுத்த எட்டு வைத்தார், அதற்கடுத்த எட்டு வைத்தார், காலுக்குக் கீழே சாளைகள் ஓடுவதைப் பார்த்துச் சின்னப்பிள்ளைபோலச் சிரித்தார், நான் கரையில் நின்று ராயப்பரை, உமக்கு வெட்கமாக இல்லையா என்று வாய்க்குள்ளேயே திட்டினேன். பின்னால் திரும்பி தெக்கிலா அக்காவைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அவர் நடுவரைக்கும் போனார். பின்வாங்கி ஓடிவந்து பந்தை உதைத்தார். உள்ளபடியே நல்ல உதை, சின்ன வயதில் விளையாடியிருப்பார் போலிருக்கிறது, பந்து நேராகக் கிளீட்டசின் நெஞ்சுக்குப் போயிற்று. கம்பி இல்லாத மைக்கை எங்கள் ஆட்டக்காரன் ஒருவன் கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் கரையைப் பார்த்துத் திரும்பினார்.

"பொதுமக்களே, நீங்களே பாருங்க, நானே இங்க நிக்கிறேன். இந்த மைதானத்துக்கு எந்தச் சேதமும் இல்ல" என்றார்.

சேதம் என்கிற சொல்லில் கணுக்கால் போயிற்று. இல்ல என்று முடிப்பதற்குள் இடுப்பு போயிற்று. பேச்சு நின்றபோது கழுத்தும், தலைக்குமேல் தூக்கிப் பிடித்த மைக்கும் மட்டும்தான் தெரிந்தன. அவரைச் சுற்றி இருபத்திரண்டு பேரும் அதே தண்ணீரின்மேல் முழுகாமல் நின்றுகொண்டிருந்தார்கள். கிளீட்டஸ் ஓடிவந்து குப்புறப் படுத்து அவருடைய கக்கத்தில் கைகொடுத்துப் பிடித்துக்கொண்டான். தெக்கிலா அக்கா கரையிலிருந்து இன்னொரு மைக்கில் கேட்டாள்.

"சார், கால்ல தரை தட்டுதா?"

"தூக்குங்கப்பா, தூக்குங்க…"

"தூக்குவானுவ சார். எங்க பயலுவ கடல்ல எவனையும் விட்டுட்டு வந்ததில்ல. மொதல்ல சொல்லும். தரை தட்டுதா?"

"இல்லம்மா."

"மைக்கில சொல்லும்."

அவர் ஒரு வாய் உப்புத்தண்ணீரைத் துப்பினார். "தரை இல்ல" என்றார். கோயில் கோபுரத்திலும் பனைமரங்களிலும் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்கள் எல்லாம் அதைத் திருப்பிச் சொல்லின, தரை இல்ல, தரை இல்ல.

அப்படி அரசாங்கத்தின் வாயாலேயே அது சொல்லப்பட்ட அந்தக் கணத்தில், இரண்டு அணியும், ரெஃப்ரியும், பந்தும் ஒன்றாக இறங்கிப்போனார்கள். தண்ணீர் மூடிக்கொண்டது, கோட்டுக்கு வெளியே நின்ற அலை உள்ளே வந்தது. எங்களுக்கு நீந்தச் சொல்லித்தர வேண்டியதில்லை, எஞ்சினீயரை நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டே கரை சேர்ந்தார்கள். தெக்கிலா அக்கா அவருக்குத் துண்டு கொடுத்தாள், கிழங்கும் மீனும் போட்டாள், அவர் தலைகுனிந்து சாப்பிட்டார். கிளீட்டஸ் மட்டும் சாப்பிடாமல் கடலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் பயல்கள் ஒவ்வொருவனாகப் போய்க் கால் வைத்துப் பார்த்தார்கள், ஒவ்வொருவனாக நனைந்து திரும்பி வந்தார்கள். அவர்கள் அழுதார்கள், நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை.

கல் வந்தது. அத்தனை வருடம் வராத லாரிகள், அத்தனை ஊர் கேட்க மைக்கில் சொன்ன பிறகு, வரிசையாக வந்து நின்றன. தூண்டில் வளைவு இன்றைக்கு இருக்கிறது, அதற்கு உள்பக்கமாகத் தெக்கிலா அக்காவின் வீடும் இருக்கிறது, விரிந்த சுவரைப் பூசியாகிவிட்டது. மைதானம் மட்டும் திரும்பி வரவில்லை, தரையாகவும் வரவில்லை, தண்ணீராகவும் வரவில்லை. கால்பந்துச் சங்கமே, தண்ணீருக்குச் சான்றிதழ் கொடுத்த நீங்கள்தான், சொந்த மைதானம் இல்லாத கிளப் என்று மறுவருடமே எங்களைப் பட்டியலிலிருந்து நீக்கினீர்கள். இப்போது மலருக்கு வரலாறு கேட்கிறீர்கள். எந்த முகத்தோடு கேட்கிறீர்கள் என்று தெரியவில்லை.

ஆனாலும் கிளப் இருக்கிறது. பள்ளிக்கூட மைதானத்தைக் கேட்டு வாங்கி விளையாடுகிறோம், தோற்கிறோம், ஜெயித்தவர்களுக்கும் மீன்கறி போடுகிறோம். வழக்கமும் இருக்கிறது, இனிமேல் அதை எவருக்காகவும் மாற்றுவதாக இல்லை. ராயப்பர் திருவிழாவுக்கு வருகிற சிறப்பு விருந்தினர், ஆயரானாலும் அமைச்சரானாலும், பேசுவதற்கு முன்னால் பழைய நடுவட்டம் இருந்த இடத்துக்குக் கடலில் இறங்க வேண்டும், பயல்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்வார்கள், கரையிலிருந்து தெக்கிலா அக்கா அந்த ஒரே கேள்வியைக் கேட்பாள், பதில் சொன்ன பிறகு மேலே வந்து என்ன வேண்டுமானாலும் பேசலாம்.

மலரை எங்கே வெளியிடுவது என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்று கேள்விப்பட்டேன். ராயப்பன்துறையில் வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாடு எங்கள் பொறுப்பு. சங்கத் தலைவரை ஒரு மாற்று வேட்டி மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள்.